எஸ்ரா லேத்ராப்பும் அவர் ஜோடியும்

எஸ்ரா லேத்ராப் இறந்தபோது தலைநகரப் பத்திரிகையில் நாலு வரி போட்டிருந்தார்கள். அதில் அவர் ஊர்ப் பெயரும் தப்பு, மனைவி பெயரும் தப்பு. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது. நான்தான் எழுத வேண்டும்.

சட்டசபை கூடும் மாதங்களில் உறுப்பினர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுப்பது என் பிழைப்பு. புருஷன் போன பிறகு அந்த வீடுதான் எனக்குச் சோறு போட்டது. பேசியே ஜெயித்தவர்களையும் பேசியே கெட்டவர்களையும் என் மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறேன். லேத்ராப் இரண்டிலும் சேர்த்தியில்லை. இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வேண்டுமா என்று கேட்டால்கூட வாயைத் திறக்கமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார்.

அவர் பீச் ஹாலோக்காரர். இரண்டு மலைக்கு நடுவில், ஓடை ஓரமாக, முப்பது நாற்பது வீடுகள் இருக்கும் ஊர். அப்பா வெட்டிய மரம் அப்பா மேலேயே விழுந்ததும் பண்ணை இவர் தலையில் வந்தது. ஆடு வளர்த்தார், மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சினார், ஊர்ச் சாலையைப் பார்த்துக்கொண்டார். மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்கு வருஷா வருஷம் அவரையே தலைமை தாங்க வைத்தார்கள். அந்த ஊரில் கத்தாமல் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது காரணம். தாமதமாகத்தான் கல்யாணம். மனைவி பெயர் தெர்ஸா. ஒரே பெண் குழந்தை, ஆர்டெல். ஆறு வயதில், ஒரு குளிர்காலத்தில், தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டது. ஓடைக்குப் பக்கத்தில் ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். அன்றிலிருந்து தெர்ஸா காலையில் பால் கறந்து முடித்ததும் நேராக அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். மழையானாலும் பனியானாலும் அது நிற்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஓடைக்குக் கீழே பத்து மைல் தள்ளியிருந்த ஸ்டார்க் மில்ஸ் ஆலைக்காரர்களுக்கு அணை கட்டும் ஆசை வந்தது. அணை வந்தால் பீச் ஹாலோவில் மாதா கோயில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும். கல்லறைகளைத் தோண்டி மலைமேல் மாற்றித் தருகிறோம் என்றார்கள். தெர்ஸா கணவரிடம் சொன்னதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

"அவளைத் தொடக்கூடாது. ஒரு தடவை மூடிட்டேன். மறுபடி அந்தப் பெட்டியைத் திறந்து வெளிச்சத்துல பாக்க என்னால ஆகாது. தண்ணிக்கு அடியில விட்டுட்டு மேல படகு போறதப் பாக்கவும் ஆகாது."

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன் அந்த வாரமே தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். அவர் சட்டசபைக்கு வந்த கதை அவ்வளவுதான். வேறு லட்சியம் கிட்சியம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. முதல் தடவை அணை மசோதாவைக் குழுவிலேயே முடக்கினார்கள். இரண்டாம் தடவை ஆலைக்காரர்கள் கொண்டுவரவில்லை. மூன்றாம் தடவை கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்தவர் யாரென்றால், என் வீட்டிலேயே, என் மேஜையிலேயே, லேத்ராப்புக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட சைலஸ் குவிம்பி. ஸ்டார்க் மில்ஸ் ஊரின் உறுப்பினர். ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலை சொல்கிற பக்கம் கையைத் தூக்குவார். கல்யாணம் ஆகாதவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அறை ஒதுக்கியதில் இருவரும் எதிரெதிரே உட்காரும்படி ஆகிவிட்டது. என் பீங்கான் தட்டெல்லாம் பறக்கப்போகிறது என்று பயந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் அடுப்போரம் போய் இருவரும் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடுவார்கள். குவிம்பி பேசிக்கொண்டே தோற்பார். லேத்ராப் பேசாமல் ஜெயிப்பார்.

குவிம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. காய் நகர்த்தும் முன், எதையாவது தீர்மானமாகச் சொல்லும் முன், புகைக்கும் சுங்கானை நாற்காலிக் கையில் இரண்டு தடவை தட்டுவார். டொக், டொக். பிறகுதான் பேச்சு.

"மிஸ்டர் குவிம்பி, அது என் மாமியார் கொண்டுவந்த நாற்காலி. மரங்கொத்திகூட இப்படிக் கொத்தாது."

"நாற்காலி தூங்கிடக் கூடாதில்ல, பெல்நாப்பம்மா. அதான் எழுப்பி விடறேன்."

ஒருநாள் சாப்பாட்டில் கல்லறைப் பேச்சு வந்தது. யார் கிளப்பினார்களோ தெரியாது. லேத்ராப் முன்னால் அதைக் கிளப்பியவனுக்கு நான் அன்று இனிப்பு வைக்கவில்லை. குவிம்பி பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க ஊர்ல புதைக்கிற இடம்கூட ஆலையோட நிலம்தான். பூரா பாறை, மேல சாம்பல். பெட்டியைச் சாய்ச்சுத்தான் வைக்கணும். என் உடம்புக்கு நான் சரிஞ்சு சரிஞ்சு ஆத்துலயே போய் விழுந்துடுவேன். பக்கத்துல படுக்கவும் எனக்கு ஆளில்ல, பிடிச்சு நிறுத்த."

எல்லாரும் சிரித்தார்கள். லேத்ராப் சிரிக்கவில்லை. குவிம்பியும் கடைசியில் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்த வருஷம் சபையின் கடைசி வாரத்தில் குவிம்பிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது கொதிக்கும் பாத்திரம் மாதிரிச் சத்தம். வைத்தியர் உடனே ஊருக்குப் போய்ப் படு என்றுவிட்டார். அணை மசோதாவோ இன்னும் ஓட்டுக்கு வரவில்லை. குவிம்பி போர்வையைப் போர்த்திக்கொண்டு லேத்ராப் அறைக்குப் போனார்.

எங்கள் சபையில் ஜோடி கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர்ப் பக்கத்து உறுப்பினர்கள் இருவர் வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வரமுடியாமல் போனால் மற்றவரும் ஓட்டுப் போடமாட்டார். சட்டத்தில் இதெல்லாம் கிடையாது. வெறும் கைகுலுக்கல்தான். ஆனால் ஜோடியை முறித்தவன் பிறகு அந்தக் கட்டடத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. லேத்ராப் கைகுலுக்கிவிட்டார்.

அன்று மத்தியான ரயிலில் தெர்ஸா வந்தாள், மசோதா தோற்பதைக் கண்ணால் பார்க்க. வந்து இறங்கியதும் இந்தச் சேதி.

"ஓட்டுப் போடத்தான் உங்கள ஊரு அனுப்பிச்சுது. போடாம உக்காந்திருக்கவா?"

"அவரும்தான் போடமாட்டார். கணக்கு சமமாப் போயிடும். நம்ம பக்கம் ஒரு ஓட்டு கூடத்தான் இருக்கு."

"ஒரு ஓட்டு" என்றாள் தெர்ஸா.

குவிம்பியை வண்டியில் ஏற்ற ஆள் வந்தது. காலுக்கு வைக்கச் செங்கல் சூடுபண்ண நான் உள்ளே போனேன். சமையலறை ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. குவிம்பி தூணைப் பிடித்தபடி நிற்க, தெர்ஸா கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். அவர் ஏதோ கேட்டார். அவள் வெடுக்கென்று ஏதோ சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செங்கலைத் துணியில் சுற்றிக்கொண்டு போவதற்குள் வண்டியில் ஏறிவிட்டார்.

"என்ன கேட்டார்?" என்றேன்.

"குழந்தையப் பத்தி" என்றாள். முகம் சரியில்லை. நான் விட்டுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. அன்று நடுப்பகலோடு சபையின் ஆயுள் முடிகிறது. பன்னிரண்டு அடித்துவிட்டால் அதற்கு மேல் செய்கிற எந்தச் சட்டமும் செல்லாது. எந்த வருஷமும் வேலை அதற்குள் முடிந்ததில்லை. அதற்கும் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் வாயில்காவலர் நீளக் கழி ஒன்றைக் கொண்டுவந்து, சபாநாயகர் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் பெரிய கடிகாரத்தின் ஊசலைத் தொட்டு நிறுத்துவார். அவ்வளவுதான். வேலை முடிந்து மறுபடி ஊசலை ஆட்டிவிடும்வரை அந்த அறைக்குள் வியாழக்கிழமை முற்பகல்தான். வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே செய்வார்கள். எனக்கு அது பிடித்ததே இல்லை.

நானும் தெர்ஸாவும் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். கழி பட்டதும் சத்தம் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. கீழே அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தும் அறையில் எதுவோ மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஜன்னல் வெயில் விரிப்பின் மேல் நகர்ந்தது, மேஜைகள் மேல் ஏறியது, எதிர்ச் சுவரில் சிவந்து மறைந்தது. முள் நகரவில்லை. விளக்கு ஏற்றினார்கள். எழுத்தர் எழுந்து, "வியாழன் முற்பகல், அவை தொடர்கிறது" என்று படித்தார். விளக்கு வெளிச்சத்தில் அதைக் கேட்டபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்த வருஷம் வேலை மறுநாளுக்கும் நீண்டுவிட்டது. இதற்கிடையில் நம் பக்கத்து ஆள் ஒருவர், ஆலைக்காரர்கள் தன் ஊருக்குப் பாலம் கட்டித்தருவதாகச் சொன்னதும், அந்தப் பக்கம் தாவிவிட்டார். பெயரைச் சொல்லமாட்டேன். சொல்ல நாக்கு கூசுகிறது. இப்போது கணக்குப்படி அவர்கள் பக்கம் ஒரு ஓட்டு அதிகம். லேத்ராப் ஓட்டுப் போட்டால் சமம். சமம் என்றால் மசோதா தோற்கும். ஆனால் லேத்ராப் ஓட்டுப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பலகாரத்துக்கு வந்தவர்கள் முகமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ஒருவர் கேட்டார், "பெல்நாப்பம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

"என் வீட்ல வெள்ளிக்கிழமை. உங்க வீட்ல என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

"வியாழன்."

"அப்ப நேத்து சாப்பிட்டதே போதும், எந்திரிங்க."

சிரித்தார்கள். நான் காப்பி எடுத்துவரத் திரும்பினேன். அப்போதுதான் குவிம்பியின் நாற்காலியைப் பார்த்தேன். அவர் இல்லாததால் மேஜைக்குள் தள்ளி வைத்திருந்தேன். அது வெளியே இழுத்துக் கிடந்தது, ஆள் உட்காரும் தூரத்துக்கு. தள்ளிவிட்டுப் போனேன். காப்பியோடு வந்தால் மறுபடி வெளியே கிடந்தது.

"யாருடைய விளையாட்டு இது? காய்ச்சல்ல கிடக்கிற மனுஷனோட நாற்காலி. வெக்கமாயில்ல?"

ஒருவரும் தொடவில்லை என்றார்கள். லேத்ராப் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிட்டவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அவர்கள் சபைக்குப் போன பிறகு நடையில் டெலிபோன் அடித்தது. ஸ்டார்க் மில்ஸிலிருந்து குவிம்பியின் தங்கை லொவீனா.

"விடியறதுக்குள்ள போயிட்டான், பெல்நாப்பம்மா. நெனவு நல்லாத்தான் இருந்துச்சு. 'கடிகாரத்த ஓட விட்டுட்டாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இன்னும் இல்லையாம்னு சொன்னேன். 'அப்ப நேரம் இருக்கு'ன்னான். அதான் கடைசி."

நானும் தெர்ஸாவும் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, சபைக் கட்டடத்துக்கு நடந்தோம். வாயில்காவலரை அனுப்பி லேத்ராப்பை வெளியே வரவழைத்தேன். சொன்னேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

தெர்ஸா அவர் கையைப் பிடித்தாள். "பாவம்தான். ஆனா செத்தவரோட என்ன ஜோடி? இப்ப நீங்க ஓட்டுப் போடலாம். போடலாம்தானே?"

அவர் உள்ளே போனார். நாங்கள் மேலே ஏறி உட்காரும்போது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"சபாநாயகர் அவர்களே, ஸ்டார்க் மில்ஸ் உறுப்பினர் காலமாயிட்டார்ங்கிறத சபைக்குத் தெரிவிச்சுக்கிறேன்."

கீழே ஒரு முணுமுணுப்பு பரவியது. சபாநாயகர் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் இன்னொரு வழக்கமும் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்த சேதியை ஏற்றுக்கொண்டால் மரியாதைக்காக அந்த நிமிஷமே சபையைக் கலைக்க வேண்டும். கலைத்தால் கடிகாரம் ஓடும். ஓடினால் அணை மசோதா மட்டுமல்ல, மிச்சமிருக்கும் அத்தனையும் செத்துப்போகும். சபாநாயகரோ அணைப் பக்கத்து ஆள்.

"எப்ப காலமானார்?"

"இன்னிக்கு விடியக்காலையில."

"இன்னிக்குன்னா?"

லேத்ராப் தலையைத் தூக்கி, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார்.

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். "இந்த அவையில இன்னிக்கு வியாழக்கிழமை முற்பகல். வியாழக்கிழமை முற்பகல்ல ஸ்டார்க் மில்ஸ் உறுப்பினர் உயிரோட இருக்கார். அவை வேற எதையும் அறியாது. பீச் ஹாலோ உறுப்பினரோட ஜோடியும் அப்படியே இருக்கு. அதை முறிக்கிறதும் முறிக்காததும் அவரோட நாணயத்தைப் பொறுத்தது. எழுத்தர், பேர் கூப்பிடுங்க."

அந்த ஆளை அன்று மேலிருந்து எதையாவது எறிந்து அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. கையில் எதுவும் இல்லை.

முதலில் சபாநாயகர் பெயர்தான். "ஆம்" என்றார். பிறகு அகர வரிசை. ஆம், இல்லை, ஆம், ஆம், இல்லை. லேத்ராப் பெயர் வந்தது. அவர் எழுந்தார். மேலே பார்த்தார், தெர்ஸாவை. அவள் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை காய்ந்த மண்ணிலேயே கிடக்கும். சட்டம் தடுக்காது. செத்தவர் வந்து கேட்கப்போவதும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கடிகாரம்தான் ஓடவில்லையே. கடைசியில், ஜோடி கட்டியவர்கள் சொல்ல வேண்டிய வழக்கமான வாசகத்தைச் சொன்னார். குரல் மேலே வரை வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நான் ஸ்டார்க் மில்ஸ் உறுப்பினரோட ஜோடி. அவர் இங்க இருந்திருந்தா ஆம்னு போட்டிருப்பார். நான் இல்லைன்னு போட்டிருப்பேன். என் ஓட்டை நிறுத்திக்கிறேன்."

தெர்ஸா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். அழவில்லை. போர்வையைச் சரிசெய்துகொண்டு போவதற்காக எழுந்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்தேன். அடுத்தடுத்த பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. வராதவர் பெயரையும் எழுத்தர் கூப்பிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, கோடு போட்டுவிட்டுப் போவார். அது கடமை.

"குவிம்பி" என்றார்.

டொக், டொக்.

தெர்ஸா நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்றாம் வரிசையில் குவிம்பியின் நாற்காலி காலியாக, மேஜையிலிருந்து தள்ளி, ஆள் உட்காரும் தூரத்தில் இருந்தது. சத்தம் அங்கிருந்துதான். அதன் பின்னாலேயே குரல். சளி கட்டிய, கரகரத்த, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"இல்லை."

எழுத்தரின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து பின்னால் போனார், தன் தொப்பியை விட்டுவிட்டு.

"யாரது?" என்றார் சபாநாயகர். "யார் பேசினது?"

பின்வரிசையிலிருந்து வயதான வக்கீல் ஒருவர் மெல்ல எழுந்தார். அவர் எந்தப் பக்கம் என்றுகூட எனக்கு நினைவில்லை.

"சபாநாயகர் அவர்களே, ஸ்டார்க் மில்ஸ் உறுப்பினர் உயிரோட இருக்கார்னு தாங்கள்தான் இப்ப தீர்ப்புச் சொன்னீங்க. பேரைக் கூப்பிட்டாங்க. பதில் வந்தது."

வேறு சமயமாக இருந்தால் கூரை அதிர்ந்திருக்கும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. குவிம்பி செத்துவிட்டார் என்று சபாநாயகர் தன் வாயால் சொன்னால் அந்த நிமிஷமே சபையைக் கலைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஓட்டை எழுத வேண்டும். அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். அதை நெடுநேரம் பார்க்க அவரால் முடியவில்லை.

"எழுதுங்க" என்றார்.

மீதிப் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார்கள். சமம். மசோதா தோற்றது. அதற்கு மேல் அந்த அறையில் உட்கார யாருக்கும் தெம்பில்லை. வாயில்காவலர் கழியோடு வந்தார். அது தொடும் முன்பே ஊசல் ஆடத் தொடங்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சத்தியம் செய்யமாட்டேன். அப்போது என் கண்ணும் அந்த நாற்காலியில்தான் இருந்தது.

லேத்ராப்தான் உதடு அசையாமல் குரல் மாற்றிப் பேசினார் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். உருளைக்கிழங்குக்கே வாய் திறக்காத மனுஷன். சொன்னவர்களை நான் வீட்டில் சேர்க்கவில்லை.

தெர்ஸா என் வீட்டுக்குக்கூட வராமல் அன்று மாலை ரயிலிலேயே ஊருக்குப் போய்விட்டாள். லேத்ராப் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஈமச்சடங்குக்காக ஸ்டார்க் மில்ஸ் போனார். அங்கே போனால் லொவீனா வீட்டு முன்னறையில் பெட்டி தனியாக இருக்கிறது. ஒரு ஆள் எட்டிப்பார்க்கவில்லை. சாதாரணமாக அந்த ஊரில் துக்க வீடென்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சுட்டுக்கொண்டுவந்த பலகாரங்களை வைக்க மேஜை போதாது. ஒன்றுகூட இல்லை. பத்திரிகையில் யார் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று வந்துவிட்டது. ஆலை நிர்வாகி, நம் நிலத்தில் அவருக்கு இடமில்லை என்று அன்று காலைதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"செத்தவன் எப்படி ஓட்டுப் போட்டான்னு இங்க ஒருத்தர்கூடக் கேக்கல, மிஸ்டர் லேத்ராப்" என்றாள் லொவீனா. "எந்தப் பக்கம் போட்டான்னுதான் கேக்கறாங்க."

லேத்ராப் வாடகை வண்டி பிடித்தார். வண்டிக்காரனும் அவருமாகப் பெட்டியை ஏற்றினார்கள். வேறெங்கே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை. பீச் ஹாலோவுக்கே ஓட்டச் சொன்னார். தெர்ஸாவிடம் என்ன சொல்வது, ஊரில் யாரிடம் இடம் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாராம். அவள் முன்னால் ஓட்டை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகு அவளை அவர் இன்னும் பார்க்கவில்லை.

ஓடைப் பாலம் தாண்டியதும் இடுகாட்டில் தெர்ஸா நிற்பது தெரிந்தது. இடுப்புவரை சேறு. பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் மண்வெட்டியோடு நின்றார்கள். குழந்தையின் கல்லுக்கு இடது பக்கம், பெரிய உடம்பு கொள்ளும் அளவுக்கு, குழி வெட்டித் தயாராக இருந்தது. அடியில் பனி இறுகிய மண். இரண்டு நாளாக வெட்டியிருக்கிறார்கள். அதாவது ஆலைக்காரன் இடமில்லை என்று சொல்வதற்கு முன்பே தொடங்கியிருக்கிறார்கள். இப்படி நடக்கும் என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள் என்று லேத்ராப் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவர்.

அதன் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆடுகளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். கூட்டத்தில் ஓட்டெடுக்கும்போது மட்டும், தன் முறை வந்தால், கையைத் தூக்கும் முன் கொஞ்சம் தாமதிப்பாராம். எதையோ காது கொடுத்துக் கேட்கிறவர் போல. ஊரார் பழகிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். எதிர் நாற்காலியை நான் உள்ளே தள்ளி வைப்பதை நிறுத்திவிட்டேன். எத்தனை தடவைதான் தள்ளுவது. ஒரு வருஷம் கேட்டேவிட்டேன். "தெர்ஸா முகத்தப் பாத்துக்கிட்டே எப்படி உங்களுக்கு மனசு வந்துச்சு? அவர்தான் செத்துட்டாரே."

வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உயிரோட இருக்கிறவன்னா போய்க் கெஞ்சி வாக்கத் திருப்பி வாங்கலாம், பெல்நாப்பம்மா. செத்தவன்கிட்ட யார் போய்க் கேக்கறது? அதான் வச்சுக்கிட்டேன்."

போன குளிர்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போனார். வசந்தத்தில் மண் இளகியதும் புதைத்தார்கள். நானும் போயிருந்தேன். குழந்தைக்கு வலது பக்கம் அவர், இடது பக்கம் குவிம்பி, நடுவில் ஆர்டெல். ஓடை தன் பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் போன பிறகு நானும் தெர்ஸாவும் மட்டும் நின்றோம். என் மனதில் இத்தனை வருஷமாக இருந்ததைக் கேட்டேன்.

"குழிய நீ எப்ப வெட்ட ஆரம்பிச்ச? நெசமாச் சொல்லு."

"சனிக்கிழமை விடிஞ்சதும்."

"அவருக்கு அந்த ஊர்ல இடம் குடுக்கமாட்டாங்கன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. குடுத்திருந்தாலும் நான் வெட்டித்தான் வச்சிருப்பேன். கடன் இல்லையா." அவள் குவிம்பியின் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டினாள். "உங்க வாசல்ல, வண்டி ஏறும்போது, அவர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? 'உங்க பொண்ணு பக்கத்துல இன்னொருத்தருக்கு இடம் இருக்குமா'ன்னு கேட்டார். காய்ச்சல்ல உளர்றார்னு நெனச்சேன். கோவம் வேற. 'இருக்கு, நீங்க தண்ணி விடாம இருந்தா'ன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"'யோசிச்சுச் சொல்றேன்'னார்."